மேடையில் குரலும் உடலும் ஒத்துழைக்காதபோது: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

மேடைப் பேச்சில் கோளாறு தெரியும் இடம் ஒன்று, அது பிறக்கும் இடம் வேறு. குரல் நடுங்கினால் தொண்டையைச் சந்தேகிக்கிறோம். பெரும்பாலும் தப்பு மூச்சில் இருக்கும். பேச்சு ஒரே சுருதியில் போனால் குரலைக் குறை சொல்கிறோம். பெரும்பாலும் தப்பு கையிலிருக்கும் காகிதத்தில் இருக்கும். "தைரியமா பேசு", "சத்தமா பேசு" என்ற அறிவுரைகள் யாரையும் திருத்தாததற்குக் காரணம் இதுதான். கீழே உங்களுக்குப் பொருந்தும் அறிகுறிக்கு நேராகப் போகலாம். முதல் பகுதியை மட்டும் தாண்டிவிட வேண்டாம்.

முதலில் பதிவு, பிறகுதான் பழுது

தலை முதல் கால் வரை தெரியும்படி போனை நிற்கவைத்து, நின்றபடி 3 நிமிடம் பேசிப் பதிவுசெய்யுங்கள். பேசப்போகும் பேச்சின் நடுப்பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கம் எல்லாருக்கும் மனப்பாடமாக இருக்கும், அதில் கோளாறு ஒளிந்துகொள்ளும். அந்தப் பதிவை மூன்று முறை பாருங்கள்:

1. திரையைக் கவிழ்த்துவைத்து ஒலியை மட்டும் கேளுங்கள். வாக்கியத்தின் கடைசிச் சொல் தெளிவாக விழுகிறதா? மூச்சு எங்கே எடுக்கிறீர்கள்? "வந்து", "அதாவது" எத்தனை? காகிதத்தில் கோடு போட்டு எண்ணுங்கள்.
2. ஒலியை அணைத்துப் படத்தை மட்டும் பாருங்கள். மொழி தெரியாத ஒருவர் பார்த்தால், எது முக்கியமான இடம் என்று கண்டுபிடிப்பாரா?
3. இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிடுங்கள். ஆடுவது, மூக்கைத் தொடுவது, உடையை இழுத்துவிடுவது போன்ற பழக்கங்கள் சாதாரண வேகத்தில் கண்ணுக்குத் தப்பும். இந்த வேகத்தில் பொம்மலாட்டம் மாதிரி தெரிந்துவிடும்.

பதிவில் உங்கள் குரல் மெலிந்து, யாருடையதோ போல ஒலிக்கும். அது கோளாறு அல்ல. நம் குரல் நமக்குக் காற்றின் வழியாக மட்டுமின்றி மண்டை எலும்பின் வழியாகவும் கேட்கிறது. எலும்பு தாழ்ந்த ஒலிகளை நன்றாகக் கடத்தும். பதிவில் அந்தப் பங்கு இல்லை. ஊரார் இத்தனை நாளும் கேட்டுவந்தது பதிவில் உள்ள குரலைத்தான், எனவே அதை மாற்ற முயல வேண்டாம்.

கண்டுபிடித்த கோளாறுகளில் ஒரு வாரத்துக்கு ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கை, கண், மூச்சு மூன்றையும் ஒரே நாளில் திருத்தப் போனால் பேச வேண்டிய விஷயம் மறந்துபோகும்.

அறிகுறி: "பின்னால் கேட்கவில்லை"

இந்தப் புகாருக்குள் மூன்று தனித்தனிக் கோளாறுகள் இருக்கின்றன. கடைசி வரிசையில் ஒருவரை உட்காரவைத்து, நீங்கள் சொல்லும் பத்து வாக்கியங்களின் கடைசிச் சொற்களை மட்டும் எழுதச் சொல்லுங்கள். எது உங்களுடையது என்று அந்தத் தாளே காட்டிவிடும்.

*முதல் பாதி கேட்டு, முடிவு கேட்காவிட்டால்:* இதுதான் தமிழில் பேசுபவர்களுக்கு மிகவும் கேடு செய்யும் கோளாறு. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது. ஆமா இல்லையா, நடந்ததா நடக்கப்போகிறதா, செய்யலாமா கூடாதா என்பதெல்லாம் அந்தக் கடைசிச் சொல்லின் வாலில் இருக்கிறது. "இந்த மருந்தைக் குழந்தைகளுக்குக் கொடுக்க" வரை கணீரென்று சொல்லிவிட்டு மிச்சத்தை விழுங்கினால், "கொடுக்கலாம்" என்றாரா "கொடுக்கக் கூடாது" என்றாரா என்று பின்வரிசைக்குத் தெரியாது. வினை முன்னாலேயே வந்துவிடும் மொழிகளில் வாக்கிய இறுதி அமுங்கினால் இந்த அளவு சேதம் இல்லை.

காரணம் இரண்டு: மூச்சு தீர்ந்துபோவது, மனம் அடுத்த வாக்கியத்துக்குத் தாவிவிடுவது. பயிற்சி பின்னாலிருந்து முன்னால் போக வேண்டும். முதலில் "கொடுக்கக் கூடாது." பிறகு "குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது." அதன் பிறகு முழு வாக்கியம். கடைசிச் சொல்லில் உள்ளங்கையால் மேசையை மெல்லத் தட்டுங்கள். வாக்கிய முடிவில் சுருதி இறங்கலாம், இறங்கவும் வேண்டும், அப்போதுதான் முற்றுப்புள்ளி காதில் விழும். சத்தம் இறங்கக் கூடாது. இரண்டையும் சேர்த்து இறக்குவதுதான் பழக்கதோஷம்.

*எதுவுமே கேட்காவிட்டால்:* கத்துவது மருந்தல்ல. தொண்டையை இறுக்கினால் சுருதிதான் ஏறும், தூரம் போகாது. சத்தத்துக்கு வேண்டியது மூச்சின் அழுத்தமும் திறந்த வாயும். விலாவின் அடிப்பகுதியில் இரு கைகளையும் வைத்து மூச்சை இழுங்கள். கைகள் பக்கவாட்டில் விரிய வேண்டும், தோள்கள் மேலே ஏறக் கூடாது. பிறகு "ஸ்ஸ்ஸ்" என்று ஒரே சீராக 15 முதல் 20 வினாடி வெளியே விடுங்கள். தொடக்கத்தில் பீறிட்டு முடிவில் இளைத்தால், உங்கள் வாக்கியங்களும் அப்படித்தான் போய்க்கொண்டிருக்கின்றன என்று பொருள். அடுத்தது தாடை: நெடில் "ஆ" வரும்போது வாய் இரண்டு விரல் அகலமாவது திறக்கிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். பேசும்போது கடைசி வரிசையில் ஒரு முகத்தைப் பார்த்துப் பேசினாலே குரல் தானாக அந்தத் தூரத்துக்குத் தயாராகும்.

*சத்தம் கேட்டு, சொல் புரியாவிட்டால்:* அது எதிரொலிக்கும் அரங்காக இருக்கலாம். அங்கே சத்தம் கூட்டினால் எதிரொலியும் கூடும், நிலைமை மோசமாகும். நான்கைந்து சொல்லுக்கு ஒரு சிறு இடைவெளி விட்டு, முந்தைய ஒலி அடங்கியபின் அடுத்ததைச் சொல்லுங்கள்.

அறிகுறி: மைக் இருக்கிறது, ஆனாலும் தெளிவில்லை

மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரம் இரண்டு மடங்கானால் ஒலி சுமார் 6 டெசிபல் (ஒலி அளவின் அலகு) குறைகிறது. 5 செ.மீ.யில் இருந்த கை மைக் பேச்சு சூடுபிடித்ததும் 20 செ.மீ.க்கு இறங்கினால் 12 டெசிபல் போய்விடும். ஒலி அமைப்பாளர் சரிசெய்வதற்குள் இரண்டு வாக்கியம் காணாமல் போயிருக்கும்.

கை மைக்கை வாயிலிருந்து 5 முதல் 10 செ.மீ. தள்ளி, வாய்க்கு நேராக இல்லாமல் உதட்டின் ஓரத்தைப் பார்த்துச் சற்றுச் சாய்த்துப் பிடியுங்கள். நேராகப் பிடித்தால் "ப" வரும்போதெல்லாம் காற்று மோதி "டப்" என்று இடிக்கும். "அப்பா", "தப்பு" போன்ற இரட்டிப்புகளில் இன்னும் மோசம். சைகைக்கு மைக் பிடித்த கையைப் பயன்படுத்தாதீர்கள்; முழங்கையை உடலோடு ஒட்டிவைத்தால் தூரம் மாறாது. மைக்கின் தலையை உள்ளங்கையால் பொத்திப் பிடிப்பவர்கள் உண்டு. அப்படிப் பிடித்தால் அது எல்லாத் திசை ஒலியையும் வாங்கி ஊளையிடத் தொடங்கும். ஸ்பீக்கருக்கு முன்னால் நடந்துபோனாலும் அதே ஊளைதான்.

போடியம் மைக்குக்கு 15 முதல் 20 செ.மீ. போதும். காலர் மைக் மார்பின் நடுவில், தாடைக்கு ஒரு சாண் கீழே இருக்கட்டும். ஒரு பக்கக் காலரில் மாட்டினால், மறுபக்கம் தலை திரும்பும்போதெல்லாம் குரல் மங்கும். திரையைத் திரும்பிப் பார்த்தபடி பேசுவதும் அதே பலனைத் தரும்.

சோதிக்கும்போது தட்டாதீர்கள், ஊதாதீர்கள். "ஹலோ, ஹலோ, ஒன் டூ த்ரீ" என்று மெல்லிய குரலில் சொல்லிவிட்டுப் பிறகு முழங்குவதாலும் பயனில்லை. உங்கள் பேச்சின் முதல் வாக்கியத்தை, பேசப்போகும் அதே சத்தத்தில் சொல்லிப் பாருங்கள்.

அறிகுறி: குரல் நடுங்குகிறது, மேலே ஏறிப்போகிறது

பதற்றத்தில் அட்ரினலின் சுரக்கிறது. மூச்சு மார்பின் மேல்பகுதிக்கு ஏறுகிறது, குரல்வளையைச் சுற்றியுள்ள தசைகள் இறுகுகின்றன, குரல்நாண்கள் இழுபட்டுச் சுருதி உயர்கிறது, உமிழ்நீர் வற்றுகிறது. மனதைத் திட்டிப் பயனில்லை, அது கேட்காது. நம் சொல் கேட்பது மூச்சு மட்டும்தான், அதனால் அங்கிருந்து தொடங்குங்கள்.

மேடையேறப் பத்து நிமிடம் முன்பு, உதடுகளை மூடி "ம்ம்ம்" என்று மென்மையாக இரண்டு மூன்று நிமிடம் முனகுங்கள். சுருதியை மெல்ல மேலும் கீழும் கொண்டுபோங்கள். தனியிடம் கிடைத்தால் உறிஞ்சுகுழல் இன்னும் நல்லது: ஒரு தம்ளர் தண்ணீரில் குழலை 2 முதல் 5 செ.மீ. ஆழம் விட்டு, குமிழி வரும்படி "ஊ" என்று குரல் கொடுங்கள். குழலில் உண்டாகும் எதிரழுத்தம் குரல்நாண்களை இறுக்கமின்றி அதிரவைக்கும். அதன் பிறகு 4 எண்ணி மூச்சை இழுத்து, 7 அல்லது 8 எண்ணி விடுங்கள். ஆறேழு முறை போதும். வெளிமூச்சு நீள்வதுதான் நாடித் துடிப்பைத் தணிக்கும். "ஆழமாக மூச்சை இழு" என்று மட்டும் சொல்லக் கேட்டு இழுத்துக்கொண்டே போனால் தலைதான் சுற்றும்.

மேடையில் நின்றதும் மூச்சை இழுக்காதீர்கள். உள்ளே இருக்கும் காற்றை முதலில் வெளியே விட்டுவிட்டுப் பிறகு இழுங்கள். முதல் வாக்கியம் ஐந்தாறு சொல்லுக்குள் இருக்கட்டும். வரிசையாகப் பெயர்களை அடுக்கும் நீண்ட விளிப்பு நடுங்கும் குரலுக்குப் பரம விரோதி, அதில் மூச்சு விடவே இடம் இருக்காது.

கை நடுங்கினால் ஒற்றைத் தாளைப் பிடிக்காதீர்கள். தாள் அந்த நடுக்கத்தைப் பல மடங்காக்கி மைக்குக்கும் கேட்கவைக்கும். தடித்த அட்டைக்கு மாறுங்கள். லேசர் சுட்டியைத் தொடவே வேண்டாம்.

வாய் உலர்ந்தால் ஒரு மிடறு தண்ணீர் நாக்குக்கும் உதட்டுக்கும் உதவும், குரல்நாணுக்கு உதவாது. விழுங்கும் தண்ணீர் அதைத் தொடுவதே இல்லை, உணவுக்குழாய் வழியே போய்விடுகிறது. குரல்நாண் ஈரமாக இருக்க உடல் முழுதும் நீர் இருக்க வேண்டும், அதனால் சில மணி நேரம் முன்பிருந்தே குடித்துவாருங்கள்.

அறிகுறி: ஒரே சுருதி, தூக்கம் வருகிறது என்கிறார்கள்

முதலில் ஒரு சோதனை. அதே விஷயத்தைக் காகிதம் இல்லாமல் பக்கத்திலிருக்கும் நண்பரிடம் ஒரு நிமிடம் விளக்கிப் பதிவுசெய்யுங்கள். அங்கே ஏற்ற இறக்கம் வந்துவிட்டால், பெரும்பாலானவர்களுக்கு வந்துவிடும், உங்கள் குரலில் கோளாறே இல்லை. கோளாறு எழுத்தில் இருக்கிறது.

எழுத்துத் தமிழ் வினையெச்சங்களைச் சங்கிலியாகக் கோக்கும்: "தரவுகளைச் சேகரித்து, அவற்றை வகைப்படுத்தி, முந்தைய ஆண்டுடன் ஒப்பிட்டு, வேறுபாடுகளைக் கண்டறிந்து, அறிக்கையாகச் சமர்ப்பிக்கப்பட்டது." கண்ணுக்கு இது சரியான வாக்கியம். வாய்க்கோ, ஒவ்வொரு காற்புள்ளியிலும் ஒரே மாதிரி இழுத்துப் போகவேண்டிய ஐந்து பெட்டி ரயில். இதைச் சொல்லும்போது ராகம் தட்டையாவதைத் தவிர வேறு வழியில்லை. வெட்டுங்கள்: "முதலில் தரவுகளைச் சேகரித்தோம். வகை பிரித்தோம். போன ஆண்டோடு ஒப்பிட்டோம். எங்கே வேறுபாடு? அதைத்தான் அறிக்கையில் எழுதியிருக்கிறோம்." ஒரு வாக்கியத்துக்கு ஒரு வினைமுற்று, மிஞ்சினால் ஒரு எச்சம். செயப்பாட்டு வினையைச் செய்வினையாக்குங்கள்.

அடுத்தது அழுத்தம். வாக்கியத்துக்கு ஒரே ஒரு சொல்லின் கீழ் கோடிடுங்கள். இரண்டுக்கு இடவேண்டும் என்று தோன்றினால் அது இரண்டு வாக்கியம். தமிழில் அழுத்தம் கொடுக்கச் சத்தம் ஒன்றே கருவி அல்ல. சொல்லை வினைக்கு ஒட்டி முன்னால் நகர்த்தினாலே அதன் மேல் வெளிச்சம் விழும். "தான்", "ஏ", "கூட" என்ற சிறு ஒட்டுகளும் இருக்கின்றன. "அவர் இதை நேற்றுச் சொன்னார்", "இதை நேற்றே சொன்னார்", "இதைச் சொன்னதே அவர்தான்" என்பவற்றைச் சத்தமாகப் படித்துப் பாருங்கள். குரல் தானாகவே ஏறி இறங்கும். சொல்லமைப்பு வேலை செய்யும்போது தொண்டை உழைக்க வேண்டியதில்லை.

குரலில் திருகக்கூடிய குமிழ்கள் நான்கு: வேகம், சத்தம், சுருதி, நிறுத்தம். எல்லாரும் சுருதியில்தான் தொடங்குகிறார்கள். வேண்டுமென்று செய்தால் நாடகத்தனமாவதும் அதுதான். வேகத்தில் தொடங்குங்கள். எண், பெயர், புதிய கலைச்சொல் ஆகியவற்றை மெதுவாகச் சொல்லுங்கள். எல்லாருக்கும் தெரிந்ததை விரைவாகக் கடந்துவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஒவ்வொரு வாக்கியத்தையும் உச்சத்தில் தொடங்கி, நடுவில் இழுத்து, இறுதியில் குழைத்து விடுகிற "பேச்சாளர் ராகம்" ஒன்று உண்டு. அதுவும் ஒரே சுருதிதான். கொஞ்சம் நீளமான ஒரே சுருதி.

அறிகுறி: வேகம் அதிகம்

ஆங்கிலக் கையேடுகளில் நிமிடத்துக்கு 130 முதல் 160 சொல் என்று ஒரு கணக்கு இருக்கும். அதைத் தமிழுக்குப் பொருத்தாதீர்கள். "போய்க்கொண்டிருந்தவர்களுக்கு" என்பது நமக்கு ஒரே சொல். அதற்குப் பதில் நிறுத்தங்களை அளவுகோலாக வையுங்கள்: வாக்கிய முடிவில் ஒரு வினாடி, ஒரு கருத்து முடிந்தால் இரண்டு மூன்று வினாடி. உங்களுக்கு அது யுகமாகத் தோன்றும். பதிவில் கேட்டால் இயல்பாக இருக்கும்.

அறிகுறி: "வந்து… அதாவது… ஆங்…"

நிறுத்தத்துக்குப் பயப்படுவதால் வருவது. அடுத்த சொல் கிடைக்கும்வரை உதடுகளை மூடுங்கள். மூடிய உதட்டோடு "வந்து" சொல்ல முடியாது. பெரும்பாலும் இவை ஒரு கருத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் மூட்டுகளில் வரும், அதனால் குறிப்பில் அந்த இணைப்பு வாக்கியங்களை மட்டும் முழுதாக எழுதிவையுங்கள்.

அறிகுறி: கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை

ஓய்வு நிலை ஒன்றைத் தீர்மானித்துவிட்டால் பாதி தீர்ந்தது. தொப்புளுக்கு நேராக ஒரு கை இன்னொன்றின் மேல் தளர்வாக இருக்கட்டும், அல்லது இரண்டும் பக்கவாட்டில் தொங்கட்டும். தொங்கவிடுவது உங்களுக்குத்தான் விசித்திரமாகத் தோன்றும், பார்ப்பவருக்கு அல்ல. விரல்களைப் பின்னிப் பிடித்தால் கை வெளியே வரவே வராது.

சைகை இடுப்புக்கும் மார்புக்கும் நடுவில் நிகழ வேண்டும். முழங்கை விலாவோடு ஒட்டியிருந்தால் சிறகு கட்டிய கோழி மாதிரி மணிக்கட்டு மட்டும் ஆடும். ஒரு கைப்பிடி அகலம் விலக்குங்கள். நேரம் முக்கியம்: சைகை சொல்லோடு வர வேண்டும், அல்லது ஒரு இமைப்பொழுது முன்னால். "மூன்று வழிகள்" என்று சொல்லி முடித்தபின் மூன்று விரல் எழுந்தால் ஒத்திகை பல்லிளிக்கும். கால ஓட்டத்தைக் காட்டும்போது திசையைக் கவனியுங்கள். எதிரே இருப்பவர்களின் இடம் உங்கள் வலம், அதனால் "அன்று" உங்கள் வலக்கைப் பக்கம், "இன்று" இடக்கைப் பக்கம். இது பயிற்சி இல்லாமல் வராது.

அறிகுறி: உடல் ஆடுகிறது, அல்லது கூண்டில் புலி மாதிரி நடக்கிறீர்கள்

பாதங்கள் நெருங்கியிருந்தால் உடல் ஊசலாடும். இடுப்பகலம் விலக்கி, ஒன்றைச் சற்று முன்வைத்து, எடையைக் குதிகாலிலிருந்து முன்பாதத்துக்குக் கொண்டுவாருங்கள். முழங்கால்களைப் பூட்டி விறைக்காதீர்கள். அசையாமல் நெடுநேரம் நின்றால் இரத்தம் கால்களில் தேங்கித் தலை கிறுகிறுக்கும். நடக்கலாம், தவறில்லை. கருத்து மாறும் இடத்தில் நடங்கள், கருத்தை நின்று சொல்லுங்கள்.

அறிகுறி: கண் நிலைகொள்ளவில்லை

ஒரு வாக்கியத்துக்கு ஒரு முகம். வினைமுற்று வரும்வரை அந்த முகத்தை விட்டுப் பார்வை நகரக் கூடாது. இது மூன்று முதல் ஐந்து வினாடி இருக்கும். வாக்கிய முடிவு அமுங்கும் கோளாறும் இதனால் பாதி குணமாகும். பெரிய அரங்கில் ஐந்தாறு இடங்களைத் தேர்ந்தெடுங்கள். தூரத்தில் ஒருவரைப் பார்த்தால் அவரைச் சுற்றியுள்ள பலரும் தம்மைப் பார்ப்பதாகவே உணர்வார்கள். குறிப்பைப் பார்க்க வேண்டுமானால் மௌனமாகக் குனிந்து, எடுத்துக்கொண்டு, நிமிர்ந்து, அப்புறம் பேசுங்கள். காகிதத்தோடு பேசிய சொல் காகிதத்துக்குத்தான் கேட்கும்.

அறிகுறி: சொல்வது ஒன்று, முகம் காட்டுவது வேறு

"மிக்க மகிழ்ச்சி" என்று கல்முகத்தோடு சொன்னால் கேட்பவர் முகத்தைத்தான் நம்புவார். இதை வைத்துத்தான் "தொடர்பில் சொல்லுக்கு 7 சதவீதம், குரலுக்கு 38, உடலுக்கு 55" என்று பயிலரங்குகளில் ஓதுகிறார்கள். அந்த எண்களுக்கு மூலம், உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967இல் வெளியிட்ட ஆய்வுகள். அவை விருப்பு வெறுப்பு போன்ற உணர்ச்சியைத் தெரிவிப்பது பற்றியவை; ஒரு விளக்க உரையின் மதிப்பை அப்படிப் பங்குபோட அளவுகோல் அல்ல. சரக்கில்லாத பேச்சை உடல்மொழி காப்பாற்றாது. நீங்கள் செய்யவேண்டியது சிறியது: வருத்தமான செய்திக்கு முன்னும் நல்ல செய்திக்கு முன்னும் ஒரு நிறுத்தம் விட்டு, முகம் அங்கே போய்ச் சேர அவகாசம் கொடுங்கள். பதற்றப் புன்னகை உள்ளவர்களுக்கு இது மிகவும் உதவும்.

அறிகுறி: அரை மணி நேரத்தில் தொண்டை கட்டுகிறது

இரைச்சலில் நாம் அறியாமலே குரலை உயர்த்துகிறோம். 1911இல் இதை விவரித்த பிரெஞ்சு மருத்துவர் பெயரால் லொம்பார்ட் விளைவு என்று சொல்வார்கள். எனவே இரைச்சலோடு போட்டி போடாமல், அது அடங்கும்வரை காத்திருங்கள். மானிட்டர் ஸ்பீக்கரில் (மேடையில் பேசுபவரை நோக்கி வைக்கும் ஸ்பீக்கர்) உங்கள் குரல் உங்களுக்குக் கேட்கும்படி வைக்கச் சொல்லுங்கள். அடிக்கடி செருமினால் குரல்நாண்கள் ஒன்றோடொன்று மோதி இன்னும் வீங்கும். செருமத் தோன்றும்போது ஒரு மிடறு தண்ணீர் விழுங்குங்கள். பேச்சு முடிந்ததும் ஐந்து நிமிடம் மறுபடி "ம்ம்ம்" முனகல். கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால், அல்லது வலியோ இருமலில் இரத்தமோ இருந்தால், பயிற்சிகளை நிறுத்திவிட்டுக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்க் குரல்நாணைப் பார்க்கச் சொல்லுங்கள். இரத்தம் வந்தால் மூன்று வாரம் காத்திருக்க வேண்டாம்.